போனை வையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



முப்பத்திரண்டு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "ஏமாறாதீர்கள்" என்று வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நானே போன மாதம் ஒரு மணி நேரம் செல்போன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குப் பயன்படும் என்று சொல்கிறேன்.

அன்று வீட்டில் நான் மட்டும். உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்று ஓர் அழைப்பு. அடுத்து, வாட்ஸ்அப் வீடியோவில் போலீஸ் சீருடையில் ஒருவர். என் ஆதார் எண்ணைத் தவறில்லாமல் படித்தார். "நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள். கேமராவை அணைக்கக் கூடாது. மனைவி, பிள்ளைகள் யாரிடமும் சொல்லக் கூடாது" என்றார். ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து, சரிபார்ப்பதற்காக ஒரு கணக்குக்கு மாற்றச் சொன்னார்.

அந்த நேரத்தில் காலிங் பெல் அடித்தது. "திறக்காதே" என்று அதட்டினார். பழக்கதோஷத்தில் எழுந்து போய்த் திறந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா, மாவுப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்திருந்தார். "என்ன சார், முகமே சரியில்லையே?" என்றார். சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. போனை அணைத்தேன்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். போலீஸோ, சிபிஐயோ, சுங்கத்துறையோ விசாரணைக்காகப் பணத்தை மாற்றச் சொல்வதில்லை. ஆதார் எண் தெரிந்திருப்பதும் ஓர் ஆதாரமல்ல. நாம்தான் போகிற இடமெல்லாம் ஜெராக்ஸ் கொடுக்கிறோமே! பெரிய தொழிலதிபர்களும் தப்பவில்லை. 2024-இல் வர்த்தமான் ஜவுளிக் குழுமத் தலைவரிடம், உச்ச நீதிமன்ற விசாரணை போலவே வீடியோவில் நாடகமாடி 7 கோடி ரூபாய் பறித்தார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். உண்மையான போலீஸ் ஒருவரைக் கைது செய்தால், அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். அதுதான் சட்டம். "யாரிடமும் சொல்லாதே" என்பவன் திருடன். நம்மைத் தனியாக உட்கார வைத்தால்தான் அவன் வேலை நடக்கும்.

ஆகவே போனை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அவன் பணத்தை எடுப்பதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மா ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பலர் மறைக்கிறார்கள்.

தனியாக இருக்கும்போது இப்படி ஒரு போன் வந்தால் எந்த நேரமானாலும் என் வீட்டுக்கு வாருங்கள். மாவுப் பாத்திரம் இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை.