கணிப்பொறிக்குள்ளும் ஓர் எல்லை

(திருத்தணிகையில் நடந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எல்லை என்னும் சொல்லின் பொருளை இத் தணிகை மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானனாரும் முன்னின்று நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் திருத்தணி ஆந்திரத்தினின்று மீண்டது. அன்று காத்தது நில எல்லை. இன்றோ நம் வீட்டுக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் வேறோர் எல்லை மீறப்படுகின்றது.

கணிப்பொறிக்கும் கைப்பேசிக்கும் உயிர்ப்பாய் இருப்பது இயங்குதளம். நாம் தட்டும் எழுத்தும் திறக்கும் கோப்பும் அதன் வழியாகவே செல்லும். வீட்டுக்குக் கதவு எப்படியோ, பொறிக்கு இயங்குதளம் அப்படி. அக் கதவே வேவு பார்க்குமானால் வீட்டார் யாரை நம்புவது?

இது வெற்றச்சமோ எனின், அன்று. 2015-இல் வெளிவந்த விண்டோசு 10, பயன்படுத்துவோரைப் பற்றிய தரவுகளை மைக்ரோசாப்டு நிறுவனத்துக்கு அனுப்பியது. வீட்டுப் பதிப்பில் அதனை முற்றாக நிறுத்த வழியில்லை. எத் தரவை எதற்காகக் கொள்கின்றது என்று அந் நிறுவனம் தெளிவாகக் கூறவில்லை என 2017-இல் நெதர்லாந்துத் தரவுக் காப்பு ஆணையம் முடிவு செய்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தொடங்குவோரிடம் கூகுள் பெறும் இசைவு முறையான இசைவன்று எனக் கண்டு, 2019-இல் பிரான்சு 5 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024-இல், திரையில் தோன்றுவனவற்றைச் சில நொடிக்கொரு முறை படம்பிடித்துப் பொறியிலேயே சேர்த்துவைக்கும் 'ரீகால்' என்னும் ஏற்பாட்டை மைக்ரோசாப்டு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது. வெளியீடு தள்ளிப்போயிற்று, பயனர் விரும்பினால் மட்டுமே இயங்கும் என்றும் மாற்றப்பட்டது. வாய்திறந்து கேட்டதனாலேயே இம் மாற்றம் வந்தது என்பதை நெஞ்சில் இருத்துக.

நம் நிலை யாது? தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகசுட்டு 24-இல் உச்சநயன்மன்றத்தின் ஒன்பது நடுவரும் ஒருமனமாய்த் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனியாள் தரவுக் காப்புச் சட்டமும் வந்தது. ஒன்றிய அரசு தன் துறைகளுக்கு விலக்களித்துக்கொள்ள அச் சட்டம் இடந்தருவது பெருங்குறையே. எனினும் அதில் நமக்கு ஒரு பிடி உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள மொழியொன்றிலோ பெறும் வாய்ப்பைத் தருதல் வேண்டும் என்கின்றது அது. அப் பட்டியலில் தமிழும் உண்டு. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 திங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

எழுத்தறியா உழவனிடம் கடன்முறியில் கைந்நாட்டு வாங்கிய வட்டிக்காரனைப் பழித்தோம். பக்கம் பக்கமாய் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் 'ஏற்கிறேன்' என்று தொடச் சொல்வது அதனின் வேறோ? விளங்காத மொழியில் வாங்கிய இசைவு இசைவாகாது.

வேறு வழியும் உண்டு. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு 'பாசு' இலினக்சும் சேர்த்தே தரப்பட்டது. அது சென்னையிலுள்ள நடுவணரசின் கணிப்பு ஆய்வு நடுவத்தில் உருவானது. அதன் மூலநிரல் திறந்தது. திறந்ததனாலேயே குற்றமற்றதாகிவிடாது, ஆனால் உள்ளே நடப்பதை அறிந்தோர் ஆராய்ந்து காணலாம். மூடிய நிரலில் அவ் வாய்ப்பில்லை.

ஆகவே, செய்ய வேண்டுவன மூன்று. இன்றிரவே கைப்பேசியின் அமைப்புப் பகுதியைத் திறந்து, இருப்பிடம், ஒலிவாங்கி, விளம்பரம் ஆகியவற்றுக்குத் தந்த இசைவுகளில் வேண்டாதவற்றை நீக்குங்கள். விண்டோசு 10-க்கான பொதுக் காப்பு 2025 அகுதோபர் 14-உடன் முடிந்தது; அதனால் ஒதுக்கிய பழம்பொறியில் இலினக்சை ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். இசைவு கேட்கும் நிறுவனம் எதுவாயினும், "தமிழில் தருக" என்று எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குப்பைக்குப் போகும். ஊரே கேட்டால் விடை வரும். நிலவெல்லையைக் கேட்டுப் பெற்ற ஊர் இது, இதனையும் கேட்கட்டும்.