வாட்டத்தில் பிந்தும் பட்டு நூல்

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண் பூ, நடுத்தண்டில் கதிர். கதிர் நுனியில் தொங்குகிற ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்கு உரியது. அதில் மகரந்தம் விழுந்தால்தான் அந்த மணி பிடிக்கும்.

பூக்கிற சமயத்தில் மண் காய்ந்துபோனால், நூல் வெளியே வர நாள்கணக்கில் பிந்தும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்திருக்கும். செடி ஆளுயரம் நிற்கும், கதிரோ பொக்கை. பாடுபட்டவர் மனசு என்ன பாடுபடும்!

மெக்சிகோவில் உள்ள சிம்மிட் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் மகரந்தம் உதிர்வதற்கும் நூல் வெளிவருவதற்கும் உள்ள இந்த இடைவெளியைத்தான் கவனித்தார்கள். மழையில்லாப் பருவத்தில் விதைத்து, பூக்கும் நேரம் பார்த்து வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தினார்கள். அந்த வாட்டத்திலும் நூலைச் சீக்கிரம் நீட்டிய செடிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் பாருங்கள்! வறட்சி தாங்கும் ரகங்களை ஆப்பிரிக்காவின் 13 நாடுகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 2007-இல் தொடங்கியது.

கடும் வெயிலோ மகரந்தத்தையே செயலிழக்க வைக்கும். வறட்சியைத் தாங்குகிற செடி வெப்பத்தையும் தாங்கும் என்று நம்ப முடியாது. அதனால் தெற்காசியாவுக்கென 2012-இல் தனித் திட்டம் வந்தது. கோடை உச்சத்தில் பூக்கும்படி விதைத்து, வீரிய ஒட்டு ரகங்களைச் சோதித்தார்கள்.

ஒட்டு விதையை ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும். விலை கைக்கு எட்டினால்தான் சிறு விவசாயி அதை விதைப்பார்.