கேட்டதும் பட்டதும்



ஹாஸ்டலில் கீபோர்டைத் தட்டி உங்களில் பலரின் தூக்கத்தைக் கெடுத்தவன் நான். "நோட்டுப் பார்க்காம எப்படிடா வாசிக்கிறே?" என்று அன்று கேட்டீர்கள். பதில் இப்போதுதான் கிடைத்தது.

1975 ஜனவரி 24. ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கு. அமெரிக்கப் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் வாசிக்க வந்தார். கேட்ட பியானோ இல்லை, இருந்தது சிறியது. மேல்ஸ்தாயி சன்னம், பெடலும் சரியில்லை. முதலில் மறுத்தவர், பிறகு உட்கார்ந்தார். நடு ஸ்தாயியிலேயே அதிகம் நின்று, இடது கையால் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக் குறையை ஈடுகட்டினார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, எழுதி வைக்காத இசை! சிறுவயதில் பயின்ற மேற்கத்திய செவ்வியலும், மைல்ஸ் டேவிஸ் குழுவில் பெற்ற ஜாஸ் அனுபவமும் விரலில் இல்லாவிட்டால் அது நடக்குமா?

என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் அப்பா தவறிவிட்டார். "எஞ்சினீயருக்கு இதெல்லாம் எதுக்குடா?" என்று கேட்டவர். மூன்று மாதம் கீபோர்டைத் தொடவில்லை. ஒரு ராத்திரி தொட்டேன். அவர் ஷேவ் பண்ணிக்கொண்டே முணுமுணுக்கும் மோகனம் வந்தது! நான் கற்றதில்லை, காதில் விழுந்ததுதான். ஆனால் கட்டைகளில் கமகம் வராதே? பக்கத்துக் கட்டையை லேசாகத் தொட்டுச் சமாளித்தேன். அந்தச் சமாளிப்புதான் இன்று என் பாணி.

தம்பி தங்கைகளே, பயிற்சியை விடாதீர்கள். கூடவே, வீட்டில் யார் என்ன முணுமுணுக்கிறார்கள் என்றும் காது கொடுங்கள். அப்புறம் கேட்க முடியாது.