புறமுதுகு காட்டும் கலை



கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய பிரிட்டிஷ் கொலம்பியாவில் விஸ்லர் என்று ஒரு மலையூர் இருக்கிறது. குளிர்காலத்தில் எந்த நாள் காலையில் போனாலும் அங்கே ஒரு காட்சியைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய சரிவில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, காலில் 'ஸ்கீ' எனப்படும் இரண்டு பலகைகளும் தலையில் பெரிய கவசமுமாகத் தயங்கித் தயங்கி இறங்கும். அதற்கு நான்கடி முன்னால் ஆசிரியர். பிள்ளையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தன் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு அவரும் இறங்குவார். "பீட்சா! பீட்சா!" என்று கூவுவார். பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் பீட்சாத் துண்டு போல முக்கோண வடிவம் வரும், வேகம் குறையும். அதைத்தான் பிள்ளைக்கு நினைவூட்டுகிறார்.

பிள்ளை அடியெடுத்து வைத்ததற்கெல்லாம் பெற்றோர் கைதட்டுவார்கள். ஆசிரியர் பின்னோக்கி வந்ததற்கு யாரும் தட்டுவதில்லை.

புறமுதுகு காட்டுவது நம் ஊரில் நல்ல பெயர் வாங்கித் தரும் காரியமில்லை. ஆனால் பனிமலையில் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கத் தெரிந்தவருக்குத் தனி மரியாதை. இந்த வித்தைக்கு அங்கே 'ஸ்விட்ச்' என்று பெயர். தெருவில் சக்கரப் பலகை ஓட்டியவர்களிடமிருந்தும், பனியில் ஒற்றைப் பலகை ஓட்டியவர்களிடமிருந்தும் ஸ்கீக்காரர்கள் இரவல் வாங்கிய சொல் அது.

இதில் கடினம் எங்கே இருக்கிறது? கேட்டால் காலில் என்றுதான் பலரும் சொல்வார்கள். கழுத்தில் என்பதே சரி. முன்னோக்கிப் போகும்போது உலகம் நம் கண்ணெதிரே விரிந்துகொண்டு வருகிறது. மரம் பெரிதாகிறது, பாறை பெரிதாகிறது. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று மூளை அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்கிறது. பின்னோக்கிப் போகும்போது இதே காட்சி சுருங்குகிறது. எல்லாம் விலகிச் சிறுத்துக்கொண்டே போகும். பிறந்ததிலிருந்து பழகிய கணக்கு தலைகீழாகிவிடுவதால், மெதுவாக நகர்ந்தாலும் விழப்போகிறோம் என்றே உடம்பு முறையிடும். குறுகிய சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் இறங்கி நின்று பக்கவாட்டில் தட்டி "வா, வா, வா" என்று குரல் கொடுப்பாரே, அப்படி ஒருவர் இங்கே கிடையாது. ஓட்டுநரே கிளீனரும் ஆக வேண்டும்.

இந்த ஆசை புதியதல்ல. 1920களிலேயே ஃபிரிட்ஸ் ராயெல் என்ற ஜெர்மானியர், பனித்தளச் சறுக்கு நடனத்தின் திருப்பங்களையும் சுழற்சிகளையும் ஸ்கீக்குக் கொண்டுவர முடியும் என்று புத்தகம் எழுதினார். அந்த வழியில் வளர்ந்த ஸ்கீ பாலே, இசைக்கேற்பச் சரிவில் ஆடிக்கொண்டு இறங்கும் கலை, 1988-இல் கால்கரியிலும் 1992-இல் ஆல்பர்வில்லிலும் குளிர்கால ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. பதக்கப் பட்டியலில் அது ஒருபோதும் சேரவில்லை. இன்று அதன் பழைய காணொளிகளைப் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஆட்டக்காரர்கள் எத்தனை லாகவமாகப் பின்னோக்கி வழுக்கினார்கள் என்பதைக் கவனித்தால் சிரிப்பு அடங்கிவிடும். மென்மையான சரிவில்தான் அவர்களுக்கு அது முடிந்தது. செங்குத்தான மலையில், ஆழமான பனியில் முடியாததற்குக் காரணம் அவர்களுடைய துணிச்சலில் இல்லை. பலகையில் இருந்தது.

பழைய ஸ்கீயைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும், பின்பக்கம் தட்டையாக வெட்டிவிட்டது போல முடியும். முன்நுனி பனியின் மேல் ஏறி மிதக்கவே அந்த வளைவு. தட்டையான வாலுக்கும் நியாயம் உண்டு. திருப்பத்தின் முடிவில் பனியை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதே பலகையில் பின்னோக்கிப் போனால் அந்த வால் மண்வெட்டி போலப் பனியைக் குத்தும். பிறகு என்ன, பலகை நிற்கும், ஆள் போவார்.

இருமுனையும் வளைந்த ஸ்கீயை 1970களிலேயே ஓலின் என்ற நிறுவனம் செய்து பார்த்தது. அதற்குரிய ஆட்டம் அப்போது வளர்ந்திருக்கவில்லை. கதை சூடுபிடித்தது 1990களின் பிற்பகுதியில், மறுபடியும் விஸ்லரில். அங்குள்ள பிளாக்கோம் மலையின் பனியாற்றில் அப்போது கோடைகாலத்திலும் சறுக்க முடிந்தது. மேடுபள்ளச் சரிவுகளில் பந்தயம் ஓடிப் பழகிய இளைஞர்கள் சிலர் அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக் டக்ளஸ், ஜே.பி. ஒக்ளேர், ஜே.எஃப். குசோன், வின்சென்ட் டோரியோன் முதலானவர்கள். பின்னாளில் ஸ்கீ உலகம் அவர்களுக்கு 'நியூ கனேடியன் ஏர் ஃபோர்ஸ்' என்று பெயர் வைத்தது. அதே மலையில் ஒற்றைப் பலகைக்காரர்கள் முன்னும் பின்னும் பேதமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். தாவினார்கள், சுழன்றார்கள், எந்தப் பக்கம் இறங்கினாலும் வழுக்கிப் போனார்கள். ஸ்கீக்காரர்களுக்கோ விதிமுறைகளே விலங்கு. அந்நாளைய மேடுபள்ளப் பந்தயத்தில் தலைகீழ் வித்தைக்கே அனுமதி இல்லை.

எனவே டக்ளஸும் நண்பர்களும் பின்பக்கமும் வளைந்த ஒரு ஸ்கீ வேண்டும் என்று திட்டம் எழுதி, தாங்கள் செய்து காட்டிய வித்தைகளின் வீடியோவையும் சேர்த்து நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்தது சாலமன். 1998-இல் அந்த ஸ்கீ கடைக்கு வந்தது. பெயர் 'டென்-எய்ட்டி', அதாவது 1080. ஒரு முழுச் சுற்று 360 பாகை. மூன்று சுற்றுக்கு 1080. காற்றில் மூன்று முறை சுழலும் கனவைப் பெயராகவே ஒட்டிவிட்டார்கள். மறு ஆண்டே, கொலராடோவின் கிரஸ்டட் பியூட்டில் நடந்த எக்ஸ் கேம்ஸ் என்ற சாகச விளையாட்டு விழாவில் ஸ்கீக்கென்று முதன்முறையாக வைக்கப்பட்ட உயரத் தாவல் போட்டியில் குசோன் தங்கம் வென்றார்.

ஒரு சின்னக் குறை: வளைந்த வால் பனியைச் சேவல் வால் போலப் பின்னால் வாரி இறைக்கும். பின்னால் வருகிறவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, பலகை வந்துவிட்டது. கற்றுக்கொள்வது எப்படி?

நல்ல ஆசிரியர்கள் முதலில் கையிலிருக்கும் கோல்களை வாங்கி வைத்துவிடுவார்கள். பின்னோக்கிப் போகும்போது கோல் பனியில் ஊன்றிக்கொண்டால் விலாவில் இடிக்கும். பிறகு மிக மென்மையான, முடிவில் இயல்பாகவே சமதளத்தில் போய் நிற்கும் சரிவாகத் தேடுவார்கள். அங்கே தானாக நின்றுவிடுவோம் என்ற நினைப்பே பாதி மருந்து.

மேட்டைப் பார்த்து நின்றுகொண்டு, இந்த முறை பீட்சாவைத் திருப்பிப் போட வேண்டும். முன்நுனிகள் விரிய, வால்கள் நெருங்க, முக்கோணத்தின் கூர் பள்ளத்தை நோக்கி இருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். வேகம் கூடினால் நுனிகளை இன்னும் விரிக்கலாம். குறைந்தால் இரண்டு பலகைகளையும் இணையாக்கலாம். ஓரிரு மணி நேரத்தில் பயத்தின் முதல் அலை வடிந்துவிடும்.

இனிதான் உடம்பு ஏமாற்றும் இடம். பயந்தவர் எப்போதும் பள்ளத்தைவிட்டு விலகி மேட்டுப் பக்கமே சாய்வார். முன்னோக்கி இறங்கும் புதியவர் அதனால்தான் குதிகாலில் சாய்கிறார். ஆசிரியர்கள் தொண்டை வறளக் கண்டிப்பதும் அதைத்தான். பின்னோக்கி இறங்கும்போது மேடு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே அதே பயம் அவரைக் கால்விரல்களின் மேல் குனிய வைக்கிறது. இடுப்பு ஒடிந்து, தரையில் எதையோ தேடுகிறவர் போலக் கவிழ்ந்துவிடுகிறார். எடை முழுவதும் முன்நுனிக்குப் போய்விட, வழிகாட்ட வேண்டிய வால்கள் கனமிழந்து இஷ்டத்துக்கு அலைகின்றன. தலையையும் நெஞ்சையும் நிமிர்த்தி, எடையைப் பாதத்தின் நடுவில் வைப்பதே மருந்து. இருமுனை ஸ்கீயில் காலணிப் பிடிப்பை மற்ற ஸ்கீகளைவிட நடுவுக்கு நெருக்கமாகப் பொருத்துவதும் இதற்குத் துணைசெய்கிறது: எந்தப் பக்கம் போனாலும் காலுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே நீளம்.

திரும்புவதற்குக் கால் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. தன் வலப்புறம் போக வேண்டுமானால் இடது காலை அழுத்த வேண்டும். இடப்புறம் என்றால் வலது கால். முன்னோக்கிப் போகும்போது இருந்த அதே கணக்கு. கூடுதலாக ஒன்று மட்டும்: வலப்புறம் போகும்போது வலது தோளுக்கு மேலாகப் பார்க்க வேண்டும், இடப்புறம் போகும்போது இடது தோளுக்கு மேலாக. ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு தோள் சுலபம், இன்னொன்று வீம்பு. சுலபமான தோளிலேயே தலையை வைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு மறுபக்கம் முழுவதும் குருட்டுப் பக்கம். அதைப் பழகாமல் விட்டவர் பாதி வித்தைதான் கற்றிருக்கிறார்.

முன்னோக்கி வந்துகொண்டே அரைச்சுற்றுத் திரும்புவது அடுத்த படி. சரிவுக்குக் குறுக்கே மெதுவாகப் போய், உடம்பைச் சற்று உயர்த்திப் பலகைகளைப் பனிமேல் தட்டையாக்கி, கண்ணைத் திருப்ப வேண்டும். கண்ணோடு தலை, தலையோடு தோள், தோளோடு இடுப்பு, கடைசியாகப் பலகை. பலகை குறுக்காக நிற்கும் அந்தக் கணத்தில் பள்ளத்துப் பக்கத்து விளிம்பு பனியில் கடித்துவிட்டால் ஆளை அப்படியே தூக்கி அடிக்கும். விழுந்தவர்கள் பெரும்பாலும் அவசரத்தில் விழவில்லை. பாதியில் மனம் மாறி நிறுத்தப் பார்த்து விழுந்தவர்கள்.

தன்னம்பிக்கை இதில் எப்படி வருகிறது என்பதற்கு ஸ்கீயோடு ஒட்டோ உறவோ இல்லாத ஒரு சோதனை நல்ல விளக்கம் தருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை வைத்து 1970களில் ஆராய்ந்தார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இவர்கள் அந்தப் படையிலும் முன்வரிசை. ஒரு சாராரைப் பிறர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் விட்டார். இன்னொரு சாராரைக் கைப்பிடித்து, படிப்படியாகத் தாங்களே தொடவும் தூக்கவும் வைத்தார். பார்த்தவர்களுக்கும் தைரியம் வந்தது. தொட்டவர்களுக்கு அதைவிட அதிகம் வந்தது. 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று தானே செய்து முடித்த அனுபவம்தான் என்று 1977-இல் அவர் எழுதினார். நூறு வீடியோ பார்த்தவரைவிட, குழந்தைகள் சரிவில் இருபது முறை திருப்பிப் போட்ட பீட்சாவோடு இறங்கியவர் நிதானமாக நிற்பது அதனால்தான்.

ஆனால் தைரியம் வந்த பிறகுதான் சிக்கலே. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு எல்லாச் சறுக்குக்காரர்களுக்கும் பத்து நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. மேலிருந்து வருகிறவர்தான், கீழே இருக்கிறவருக்கு ஆபத்து வராதபடி வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பின்னோக்கி இறங்குகிறவருக்குத் தனிச் சலுகை கிடையாது. இதில் உள்ள முரணைப் பாருங்கள். மேலிருந்து வருகிறவர்களை அவரால் நன்றாகப் பார்க்க முடியும். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அவருடையதல்ல. கீழே இருக்கிறவர்கள்தான் அவர் பொறுப்பு. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கூட்டமான சரிவில் ஸ்விட்ச் வித்தை காட்டுகிறவரைத் துணிச்சல்காரர் என்று சொல்ல நாக்கு வரவில்லை. 2017-இல் ஸ்விட்சர்லாந்தின் எலியாஸ் ஆம்பூல் பின்னோக்கி மணிக்கு 131 கிலோமீட்டரைத் தாண்டி உலகச் சாதனை படைத்தார். அதற்கென ஒதுக்கிய தடத்தில்.

போட்டியில் ஸ்விட்ச் எதற்கு என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னோக்கித் தாவி 360, 720, 1080 என்று முழுச் சுற்றாகச் சுழன்றால் முன்னோக்கியே இறங்கலாம். 540, 900 என்று அரைச்சுற்று மிஞ்சினால் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். பின்னோக்கி வழுக்கத் தெரியாதவருக்குப் பாதி வித்தைகள் மூடிய கதவு.

2022 பிப்ரவரி 8, பெய்ஜிங். பழைய எஃகு ஆலையின் குளிர்விப்புக் கோபுரங்களுக்கு அருகே எழுப்பிய தாவல் தளம். ஸ்கீ உயரத் தாவல் ஒலிம்பிக்கில் அறிமுகமான ஆண்டு அது. பெண்கள் இறுதிச் சுற்றில் பிரான்சின் டெஸ் லெடியூ முன்னணியில் இருந்தார். சீனாவுக்காக ஆடிய 18 வயது கு ஐலிங் — மேலை நாடுகளில் ஐலீன் கு — மூன்றாவது, கடைசித் தாவலுக்கு முன் அம்மாவோடு தொலைபேசியில் பேசினார். 1440 செய்து வெள்ளியை உறுதிப்படுத்திக்கொள் என்பது அம்மாவின் யோசனை. மகள் எடுத்தது 1620. அதுவரை அவர் ஒருமுறைகூட முடித்திராத தாவல். நாலரைச் சுற்று. அந்த மிச்ச அரைச்சுற்றுக்காக, முன்னோக்கி ஓடி வந்தவர் பின்னோக்கி இறங்க வேண்டும்.

இறங்கினார். முதுகைப் பள்ளத்துக்குக் காட்டியபடி, தடுமாறாமல் வழுக்கிப் போனார். அந்தத் தாவலுக்கு 94.50. சிறந்த இரண்டு தாவல்களின் மொத்தத்தில் அவருக்கு 188.25, லெடியூவுக்கு 187.50. முக்கால் புள்ளியில் தங்கம் கைமாறியது.