நூலுக்கு உரியவர் யார்?



ஒரு நூலுக்கு உரியவர் யார்? விலை கொடுத்து வாங்கியவரா? முகப்பில் தம் பெயரைப் பொறித்தவரா? அன்றி, அதனைக் கற்றுத் தம் அறிவாக்கிக் கொண்டவரா? 1563-இல் அச்சேறிய இலத்தீன் பாநூல் ஒன்று இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் பாவலன் இலுக்கிரீசியசு இயற்றிய ‘பொருள்களின் இயல்பு’ என்பதே அந்நூல். கிரேக்க அறிஞன் எபிக்கூரசின் மெய்யியலை ஆறு பகுதிகளில் பாடிய அவன், அதற்கு வேண்டிய சொல்வளம் தன் தாய்மொழியில் போதாமையை மறையாது சொன்னான். சொல்லிவிட்டுச் சோர்ந்தானா? இல்லை! பொருள்களின் அடிப்படை நுண்துகளுக்குக் கிரேக்கர் வழங்கிய ‘அட்டோமோசு’ என்னும் சொல்லை அவன் எடுத்தாளவே இல்லை. ‘வித்துகள்’ என்றும் ‘முதற்பொருள்கள்’ என்றும் பொருள்படும் இலத்தீன் சொற்களாலேயே அக்கருத்தை நிலைநாட்டினான்.

நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் படியொன்றை, இத்தாலியப் புலவர் பொச்சியோ 1417-இல் கண்டெடுத்தார். பிரெஞ்சு அறிஞர் தெனி இலாம்பின், கையெழுத்துப் படிகள் பலவற்றை ஒப்பிட்டுப் பிழை களைந்து, உரையும் வகுத்து 1563-இல் வெளியிட்டார். அப்பதிப்பின் படி ஒன்றை வாங்கியவர் மிசேல் தெ மொந்தேய்ன். 1564 அக்தோபர் 16-ஆம் நாள் படித்து முடித்ததாக நூலின் இறுதியில் எழுதி, தம் அகவை 31 என்றும் அவர் குறித்துள்ளார்.

மொந்தேய்னுக்கு இலத்தீன் வெறும் ஏட்டுமொழி அன்று. பிரெஞ்சு அறியாத செருமானிய ஆசிரியர் ஒருவரைத் தந்தை அமர்த்தியமையால், அவர் பேசிப் பழகிய முதல் மொழியே இலத்தீன்தான். ஆறு அகவை கடக்கும்வரை, வீட்டுப் பணியாளரும் தமக்குத் தெரிந்த சில இலத்தீன் சொற்களாலேயே அவரோடு பேசினர். ஆகவே, அந்நூலின் முன்புற வெற்றுத்தாள்களில் அவர் இலத்தீனில் குறிப்பு எழுதியதில் வியப்பில்லை. பின்னரோ, பாக்களின் ஓரங்களில் அவர் எழுதியவை பிரெஞ்சுக் குறிப்புகள்! 1580-இல் அவர் வெளியிட்ட ‘கட்டுரைகள்’ என்னும் பெருநூலும் பிரெஞ்சிலேயே எழுந்தது. இலுக்கிரீசியசின் அடிகள் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் மேற்கோளாகின்றன. இலத்தீன் புலமை அவரைத் தம் நாட்டுமொழியினின்று பிரிக்கவில்லை, அம்மொழிக்கு உரமாயிற்று!

பின்னாளில் அந்நூல் கைம்மாறியது. தெசுபாஞே என்னும் பெயருடைய ஒருவர், மொந்தேய்னின் கையொப்பத்தின் மேலேயே தம் பெயரை எழுதிவிட்டார். அடியில் மறைந்திருந்த பெயர் 1989-இல்தான் வெளிப்பட்டது. கில்பெர்ட்டு தெ போட்டன் அதனை வாங்கிக் காத்தார். இசுகிரீச்சு என்னும் ஆங்கில அறிஞர் அக்குறிப்புகளை ஆராய்ந்து 1998-இல் நூலாக்கினார். இன்று அப்படி, கேம்பிரிட்சு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

பெயரின்மேல் பெயர் எழுதி ஒருவரை மறைக்கலாம்; ஆனால், அவர் கற்ற கல்வியை மறைக்க இயலாது. நூலுரிமை பெயரால் வருவதன்று, உழைப்பால் வருவது. மொழியுரிமையும் அஃதே!