பங்கு இல்லாத கூட்டாளிகள்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

அறுவடைக் களத்துக்கு இரண்டு நெல் வியாபாரிகள் வந்தால் போட்டி போட்டு விலை ஏற்றுவார்கள். ஒருவன் மற்றவனையே விலைக்கு வாங்கிவிட்டால்? மறுநாளே விலை சரியும். இது நாம் கண்ட கதை.

இதே கதைதான் தென்கிழக்கு ஆசியாவில் நடந்தது. 2012-ல் மலேசியாவில் கைப்பேசி மூலம் டாக்சி பிடித்துக் கொடுக்கத் தொடங்கிய கம்பெனி கிராப். எதிரே நின்றது அமெரிக்காவின் ஊபர். பயணிக்குச் சலுகை, ஓட்டுகிறவருக்கு ஊக்கத்தொகை என்று இரண்டும் வாரி இறைத்தன. தருமமா இது? இல்லை, தோழர்களே! வலை!

2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தைக் கிராப்பிடம் விற்றது. பதிலுக்குக் கிராப்பில் 27.5 சதவீதப் பங்கு பெற்றது. சண்டைக்காரர்கள் சம்பந்திகள் ஆனார்கள்! சிங்கப்பூரில் சலுகை போகக் கட்டணம் 10 முதல் 15 சதவீதம் உயர்ந்தது. நாம் சொல்லவில்லை, அந்நாட்டுப் போட்டி ஆணையமே கண்டுபிடித்து, அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்குமாக 1 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது.

ஓட்டுகிறவர் கதி என்ன?

இந்தோனேசியாவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் தொழிலாளியுடையது. பெட்ரோல் அவர் செலவு. விழுந்தால் முறிவது அவர் எலும்பு. சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிப்பது மட்டும் கம்பெனி! அவருக்கு வைத்த பெயர் 'மித்ரா' - கூட்டாளி. ஏன்? தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால், அந்நாட்டுச் சட்டப்படி பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் தர வேண்டும். ஆலை வாசலில் நம்மை ஆண்டுக்கணக்கில் 'பதிலி' என்று நிறுத்திவைத்த அதே தந்திரம்!

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2025 பிப்ரவரியில் ஜகார்த்தாவில் தொழிலாளர் அமைச்சகத்தின் முன் திரண்டு போனஸ் கேட்டார்கள். மார்ச்சில் ஜனாதிபதியே போனஸ் கொடுக்கும்படி கம்பெனிகளிடம் சொல்ல நேர்ந்தது. சிலர் கைக்கு வந்ததோ 50,000 ரூபியா. நம் காசில் 300 ரூபாய்கூட இல்லை! மே மாதம் சவாரி எடுக்க மறுத்து மீண்டும் வீதிக்கு வந்தார்கள். கமிஷனை 10 சதவீதமாகக் குறை என்று முழங்கினார்கள்.

சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் இவர்களுக்கு விபத்து நஷ்டஈடும், சேமநிதியும், தங்கள் சார்பில் பேச அமைப்பு வைக்கும் உரிமையும் சட்டமாகியிருக்கின்றன. 'கூட்டாளி' வேஷம் கலையத் தொடங்கிவிட்டது.

நம் ஊரிலும் சாப்பாட்டுப் பையை முதுகில் சுமந்து ஓடுகிறவர்கள் யார்? நம் பிள்ளைகள்தான். ஆலைக்கும் வயலுக்கும் சங்கம் கண்டவர்கள் நாம். அவர்களையும் சங்கத்துக்கு அழைப்போம். தனியாக நின்றால் 'கூட்டாளி'. ஒன்றாக நின்றால் தொழிலாளி வர்க்கம்!

ஒன்றுபடுவோம்! வெல்வோம்!