வானூர்தியும் மறைந்திருந்த வலவனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஜேடர்பாளையத்தில் காவிரியின் தடுப்பணையருகே இராசவாய்க்கால் பிரிகிறது. அதனை வெட்டுவித்தவர் அல்லாள இளைய நாயக்கர் என்று இப்பகுதி மக்கள் போற்றுகின்றனர். அவருக்கு இவ்வூரில் மணிமண்டபமும் உண்டு. கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்த நீரால் தழைக்கின்றன. வெட்டுவித்தவர் பெயர் நின்றது, அது முறையே. ஆனால், மண்வெட்டி பிடித்த கைகள் எத்தனை, மண் சுமந்த தலைகள் எத்தனை? அவற்றுக்குரியோர் பெயரை இன்று சொல்வார் இல்லை.

திரைப்படங்களில் வரும் வானூர்திக் காட்சிகளைப் பற்றிய பேச்சுக்கு இவ்வாய்க்காலே தக்க தோற்றுவாய். அங்கும் கண்ணுக்குத் தெரிவது ஒருவர் முகம். இயக்கியது வேறொருவர் கை. அந்தக் கைக்குரியவரைத் தேடிச் செல்வதே இவ்வுரையின் நோக்கம்.

மயிற்பொறியின் விசயை

வானூர்தி தமிழர்க்குப் புதிய கற்பனை அன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன் தச்சனைக் கொண்டு ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். கருவுற்றிருக்கும் அரசி விசயைக்கு அதனைச் செலுத்தும் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. பொறியை வலப்புறம் திருகினால் மயில் மேகத்தைக் கிழித்து மேலெழும். இடப்புறம் திருகினால் தரையில் வந்து கால் குவித்து நிற்கும். கட்டியங்காரன் சூழ்ச்சியால் நாடு வீழும் நாளில் அரசி தனியே பறக்கிறாள். பகைவனின் வெற்றி முரசு செவியில் விழுகிறது. கணவன் மாண்டான் என்று உணர்ந்து அவள் மயங்க, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இக்காட்சியில் கருதத்தக்கது ஒன்று உண்டு. தேவர் பறக்கும் பொறியை மட்டும் பாடவில்லை. அதைத் திருகும் விரலையும் பாடினார். விரல் தளர்ந்தால் பொறி தாழும் என்பதை அறிந்து பாடினார். பொறியின் வீழ்ச்சியும் பெண்ணின் துயரும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஊர்தியையும் அதனைச் செலுத்துபவரையும் பிரிக்காமல் கண்ட கண் அது. திரைப்படம் வளர்ந்தபோது இவ்விரண்டும் பிரிந்துபோயின.

கயிறு பிடித்த கைகள்

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை 1935இல் தொடங்கினார். புராணக் கதைகளும் மாயக் கதைகளும் தமிழ்த்திரையை ஆண்ட காலம் அது. நாரதர் மேகத்தின்மீது வருவார். தேவர்கள் விண்ணிலிருந்து இறங்குவார்கள். அவர்களைத் தாங்கியவை கம்பிகளும் கப்பிகளும். அக்கம்பிகளை இழுத்தவர்களோ திரைக்கு வெளியே நின்றவர்கள். 1951இல் வெளிவந்த ‘பாதாள பைரவி’யில் மாளிகையே வானில் மிதந்து சென்றது. அதனை மெய்யென நம்பவைத்தவர் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. தமிழ்த்திரையின் முதல் வலவர்கள் இத்தகையோரே எனலாம்.

தலை குனிந்த வலவன்

மெய்யான விமானங்கள் திரையில் பறந்த வரலாற்றுக்கு அமெரிக்காவை நோக்க வேண்டும். 1927இல் வெளிவந்த ‘விங்ஸ்’ என்னும் பேசாப் படம், 1929இல் நடந்த முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த படத்துக்கான பரிசைப் பெற்றது. அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப்போரில் விமானியாக இருந்தவர். மேகமற்ற வெற்று வானில் விமானத்தின் வேகம் புலப்படாது என்று அவர் மேகங்களுக்காகக் காத்திருந்தார். ஒன்றன் விரைவை மற்றொன்றன் நிலைகொண்டே கண் அளக்கும். உவமையின் இலக்கணமும் அதுவே அன்றோ?

அப்படத்தில் நடிகரின் முகத்துக்கு எதிரே படப்பிடிப்புக் கருவி பொருத்தப்பட்டது. உடன் பறந்த விமானி, கருவி ஓடத் தொடங்கியதும் தலையைக் குனிந்து மறைந்துகொள்வார். பார்ப்போர்க்கு நடிகரே தனித்துப் பறப்பதாகத் தோன்றும். உயிரைக் காக்கும் கை உள்ளே இருக்க, அந்தக் கைக்குரிய தலை மட்டும் குனிந்திருந்தது. திரைப்பட விமானியின் வாழ்வு முழுமைக்கும் இந்த ஒரு காட்சியே சான்றாகும். அதே படத்தில் விமானத்தை வேண்டுமென்றே தரையில் மோதவிடும் காட்சிகளைச் செய்த டிக் கிரேஸ், அவற்றுள் ஒன்றில் கழுத்தெலும்பு முறிந்தார். பிழைத்து மீண்டும் பறந்தார்.

1930இல் வெளிவந்த ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தின் ஆக்கத்தில் மூன்று விமானிகளும் பொறிவினைஞர் ஒருவரும் மாண்டனர். மிகவும் ஆபத்தானது என்று விமானிகள் மறுத்த ஒரு சாகசத்தைத் தயாரிப்பாளர் ஹோவர்டு ஹியூஸ் தாமே செய்து பார்த்து, விழுந்து காயமுற்றார். மறுத்தவர்கள் அஞ்சியவர்கள் அல்லர். பொறியின் எல்லையை அறிந்தவர்கள். அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்று உணர்ந்த வள்ளுவர் மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அப்படத்தில் விமானம் ஓட்டிய பாஞ்சோ பார்ன்ஸ் என்னும் பெண், திரைப்பட விமானிகளுக்கு முறையான ஊதியம் கிடைக்க வேண்டும் என்று 1931இல் சங்கம் அமைக்க முன்னின்றார். தலை குனிந்திருந்தவர்களை நிமிரச் செய்த முதல் குரல்களுள் ஒன்று பெண் குரலாக இருந்தது.

வயல்வெளியில் துரத்திய விமானம்

1959இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தின் காட்சி உலகெங்கும் பேசப்படுவது. ஆளரவமற்ற சமவெளி, நெடுஞ்சாலை, தொலைவில் பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒரு சிறு விமானம். அது திடீரெனத் திரும்பி, நின்றிருந்த மனிதனைத் துரத்துகிறது. அவன் சோளக்கொல்லைக்குள் ஓடி ஒளிகிறான். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கரும்புக் காடுகளைக் கண்டவர்க்கு அந்த அச்சத்தின் அளவு எளிதில் விளங்கும். ஒளிய இடமிருந்தும் வானுக்கு மறைவில்லை என்பதே அது. ஓடியவர் கேரி கிராண்ட். அவருடைய அண்மைக்காட்சிகள் சில, கலைக்கூடத்தில் திரையொன்றின் முன் எடுக்கப்பட்டவை. வயலுக்கு மேல் தாழப் பறந்தவரோ பாப் கோ என்னும் பயிர்மருந்து விமானி. அவருக்கு அது நாள்தோறும் செய்யும் தொழில். மெய்யான தொழிலாளியின் கைப்பழக்கமே அக்காட்சியின் அச்சத்துக்கு அடித்தளம்.

திரையில் நட்ட நடுகற்கள்

பால் மான்ட்ஸ், பிராங்க் டால்மன் இருவரும் கூட்டாகத் தொழில் நடத்திய திரைப்பட விமானிகள். 1963இல் வெளிவந்த நகைச்சுவைப் படமொன்றில் விளம்பரப் பலகையைப் பிளந்துகொண்டு விமானம் பாயும் காட்சி டால்மனுடையது. 1965இல் ‘தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ படத்துக்குப் பறக்க வேண்டியவரும் அவரே. காலில் நேர்ந்த காயத்தால் அவர் பறக்க இயலாமற்போக, மான்ட்ஸ் அவருக்காகப் பறந்தார். பாலைவனத்தில் உடைந்த விமானத்தின் துண்டுகளைக்கொண்டு புதியதொரு விமானம் கட்டித் தப்பிக்கும் கதை அது. கதையில் விமானம் பிழைத்தது. படப்பிடிப்பில் அது முறிந்து வீழ்ந்து, 1965 சூலை 8இல் மான்ட்ஸ் இறந்தார். டால்மன் ஒரு காலை இழந்தும் மீண்டும் பயின்று பறந்தார். 1978இல் அவரும் விமான விபத்திலேயே மறைந்தார்.

‘டாப் கன்’ படத்துக்காக, சுழன்று வீழும் விமானத்திலிருந்து உலகம் எவ்வாறு தோன்றும் என்பதைப் படமெடுக்கச் சென்றவர் ஆர்ட் ஷோல். 1985 செப்டம்பர் 16இல் கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பால் அவருடைய விமானம் சுழற்சியிலிருந்து மீளவில்லை. கடல் அவரைத் திருப்பித் தரவில்லை. 1986இல் வந்த அப்படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ‘ஃபீனிக்ஸ்’ படமும் மான்ட்ஸின் நினைவைப் பதிந்தே முடிகிறது.

போரில் வீழ்ந்த வீரனுக்குப் பெயரும் சிறப்பும் பொறித்துக் கல் நட்டது தமிழர் மரபு. தருமபுரி, செங்கம் பகுதிகளில் அத்தகைய நடுகற்கள் பல கிடைத்துள்ளன. படத்தின் இறுதியில் சில நொடிகள் தோன்றி மறையும் அவ்வெழுத்துகளும் நடுகற்களே. கல்லின்முன் நின்று படித்தவர் பழந்தமிழர். எழுத்து ஓடும்போதே இருக்கையை விட்டு எழுகின்றனர் இன்றைய மக்கள்.

தமிழ் மண்ணிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. சென்னைக்கு அருகே சோழவரத்தில் 1980 நவம்பர் 16இல் ‘கோளிளக்கம்’ என்னும் மலையாளப் படத்துக்கான காட்சி. பறக்கும் ஹெலிகாப்டரைப் பற்றித் தொங்கிய நடிகர் ஜெயன், அது நிலைதடுமாறி வீழ்ந்ததால் உயிரிழந்தார். காட்சி இன்னும் செம்மையாக வேண்டும் என்று மீண்டும் எடுக்க விரும்பியவர் அவரே என்பர். மறைந்த நடிகருக்குக் கேரளம் இன்றும் கண்ணீர் சொரிகிறது. ஓட்டிச் சென்றவர் உயிர் பிழைத்தார். ஆயினும், தாம் செலுத்திய ஊர்தியில் ஒருவர் மாண்டதைச் சுமந்து வாழ்ந்த அம்மனிதரைப் பற்றிப் பேசுவார் அரியர். மாண்டவர் துயரம் பாடுபொருளாகும். மீண்டவர் துயரம் மௌனத்தில் புதையும்.

பாரதி பெயரிட்ட இரு படங்கள்

அண்மைக்காலத் தமிழ்த்திரையில் வானூர்தியை நடுவாகக் கொண்ட இரு படங்கள் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் பாரதியிடமிருந்து பெயர் பெற்றவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

மணிரத்தினத்தின் ‘காற்று வெளியிடை’ 2017இல் வந்தது. 1999 கார்கில் போரில் பகைவரிடம் சிறைப்பட்ட விமானி தப்பி வருவது அதன் கதை. 1971 போரில் சிறைப்பட்டு, 1972 ஆகத்தில் இராவல்பிண்டி முகாமிலிருந்து இரு தோழர்களுடன் தப்பிய திலீப் பருல்கரின் வரலாறு அதற்குத் தூண்டுதல் என்பர். திரை விமானி நாடு திரும்பினார். மெய்யான மூவரோ ஆப்கன் எல்லையை ஒட்டிய லண்டிகோட்டல் வரை சென்று மீண்டும் பிடிபட்டனர். பின்னரே விடுதலை பெற்றனர். கலை மனிதர்க்கு வழங்கும் வெற்றி, வரலாறு வழங்கிய வெற்றியினும் பெரிதாக இருப்பதை இங்குக் காணலாம்.

சுதா கொங்கரா இயக்கிய ‘சூரரைப் போற்று’ 2020இல் வந்தது. பெயர் புதிய ஆத்திசூடியில் உள்ளது. கருவோ எளியோர்க்கும் விமானப் பயணம் என்று 2003இல் மலிவுக் கட்டண நிறுவனம் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் வாழ்க்கை. அப்படத்தின் மறக்கவொண்ணாக் காட்சியில் விமானம் பறப்பதே இல்லை. சாகக் கிடக்கும் தந்தையைக் காண ஊர் செல்லப் பயணச்சீட்டுக்குப் பணம் போதாமல், விமான நிலையத்தில் முன்பின் அறியாதவர்களிடம் கையேந்துகிறான் நாயகன். ஏறமுடியாமல் நின்றவனின் அவமானம், ஊராரை ஏற்றிப் பறக்கும் இறுதிக் காட்சிக்குப் பொருள் தருகிறது. பறத்தலின் பெருமையைத் தரையில் நின்றே அளந்த படம் அது.

இன்னும் எடுக்கப்படாத காட்சி ஒன்றும் உண்டு. விடுதலை இந்தியாவின் தொடக்கக்காலப் பெண் விமானியான உஷா சுந்தரம், தம் கணவர் வி.சுந்தரத்துடன் சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். மயிற்பொறியில் விசயையின் விரலைப் பாடிய மொழியில், இவ்வம்மையாரின் விரலுக்கும் ஒரு காவியம் பிறக்கலாம்.

கவிஞர் கடன்

2022இல் வந்த ‘டாப் கன்: மேவரிக்’ படத்தில் போர் விமானத்தின் முன்னிருக்கையில் கடற்படை விமானி அமர்ந்தார்; பின்னிருக்கையில் நடிகர் அமர்ந்தார். உடலை அழுத்தும் விசை நடிகர் முகத்தில் மெய்யாகவே தெரிந்தது. செலுத்தியவர் முகம் தெரியவில்லை. ‘விங்ஸ்’ படத்தில் குனிந்த தலை 95 ஆண்டுகள் கழித்தும் நிமிரவில்லை. கணினி வரைகலை வந்தபின் விமானியே இல்லாமல் விமானம் பறக்கிறது. உயிரிழப்பு குறைவது நன்மையே. ஆயினும், வீழ்ந்துவிடக்கூடிய ஊர்தியைக் காணும்போது நெஞ்சில் எழும் நடுக்கம் வேறு. வீழவே இயலாத ஊர்தியைக் காணும் வியப்பு வேறு.

சோழன் நலங்கிள்ளியை நோக்கி உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய பாடல் புறநானூற்றில் 27ஆவது. புலவர் பாடும் புகழ் பெற்றவரே, வலவன் செலுத்தாமல் தானே செல்லும் விண்ணூர்தியை அடைவர் என்கிறார் அவர். அந்த ஊர்திக்கு விலை புலவர் பாட்டு. பிறர்க்காக ஊர்தி செலுத்தி, பாட்டுப் பெறாமலே மறைந்த வலவர்களுக்கு எந்த ஊர்தி வரும்? பாடுவோர் பாடினாலன்றி அவர்களுக்கு அது கிட்டாது.

முகத்தைப் பாட உலகில் பலர் உளர். இக்காவிரிக் கரையில் பத்தாண்டு நிறைந்த வட்டத்தின் கவிஞர்கள் கையையும் பாட வேண்டும். விமானியின் கை, கப்பி இழுத்தவர் கை, இராசவாய்க்காலில் மண் சுமந்தவர் கை என்று வரிசை நீளும். திரையில் எழுத்து ஓடும்போது இருக்கையில் அமர்ந்திருந்து அப்பெயர்களைப் படிப்பது அக்கடமையின் முதற்படி.